மூடிக்கு வெட்டாத வளையம்

"ஹெட்டுக்குத்தான் வெட்டணும்னு சொல்றேன்ல மச்சான்..."

"மூடிக்கு வெட்டணும்னு நானும் காலையில இருந்து..."

"மூடியா வண்டிய இழுக்குது? இஞ்சினுக்குள்ள தண்ணி எறங்குது, அத விட்டுப்பிட்டு..."

"எறங்குறது எனக்குத் தெரியாதா? கழத்திப் பாத்தது நானு, நீ இல்ல. கத்தாத!"

"கத்துறது யாரு? பள்ளிவாசல் வரைக்கும் கேக்குது உங்க சத்தம்!"

அடுப்படியில் மீன் கழுவிக்கொண்டிருந்த சைனப் கையை உதறிக்கொண்டு எழுந்தாள். தெற்குவாசல் சந்தில் அவர்கள் வீட்டுக்கு முன்பக்கம் பட்டறை, பின்பக்கம் குடித்தனம். நடுவில் ஒரு சாக்குத் திரைதான் தொங்கியது. ஒரு குரல் அவள் புருஷன் நைனா முகமதுவுடையது. பஸ், லாரி இஞ்சின்களைப் பிரித்துக் கோர்ப்பது அவர் தொழில். இன்னொரு குரல் அவள் தம்பி சேக் மைதீனுடையது. மதுரைக்கும் உசிலம்பட்டிக்கும் பஸ் ஓட்டுகிறவன். தாயும் தகப்பனும் போனபின் அவள்தான் அவனை வளர்த்தாள். கல்யாணம் ஆகியும் அவன் அதே வீட்டில்தான் இருந்தான்.

சைனப் திரையை விலக்கிக்கொண்டு வந்து நின்றாள்.

"ரெண்டு பேரும் வாய மூடுங்க. ஒருத்தர் ஒருத்தராச் சொல்லுங்க. என்ன வெட்டு, என்ன குத்து?"

"வாங்க நாட்டாமை" என்றார் நைனா முகமது.

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம் அது. பெட்ரோல் எல்லாம் பட்டாளத்துக்குப் போய்விட்டது. ஊர் பஸ்களின் முதுகில் ஆளுயர இரும்பு உருளை ஒன்றைக் கட்டி வைத்திருந்தார்கள். அதில் கரியைக் கொட்டி நெருப்பு மூட்டி, ஒரு காற்றாடியைக் கையால் சுற்றினால் கரியிலிருந்து வாயு வரும். அந்த வாயுவில்தான் இஞ்சின் ஓடும். கரி வண்டி என்று ஊரே சொன்னது. பெட்ரோல் கிடைக்காதது மாதிரியே உதிரி சாமானும் கிடைக்காது. பிரித்துப் போட்ட இஞ்சினில் எதை மாற்றுவது, எதைத் தேய்த்துப் பழையபடி மாட்டுவது என்று தீர்மானிப்பதுதான் அந்த நாளில் மெக்கானிக்கின் பெரும்பாடு.

தரையில் விரித்த சாக்கில் சாமான்கள் வரிசையாகக் கிடந்தன. நைனா முகமது ஒவ்வொன்றாகக் காட்டினார்.

"இந்தா, பிஸ்டன் வளையம். இது தாங்கும். வால்வு, தேய்ச்சு உக்கார வச்சிருவேன். தண்ணிப் பம்புக்கு நூலும் கொழுப்பும் திணிச்சாப் போதும். மாத்தியே ஆகணும்னா ரெண்டே சாமான். ஒண்ணு இஞ்சின் தலைக்கும் ஒடம்புக்கும் நடுவுல கெடக்குற ஹெட் கேஸ்கட். கருகி ஒரு எடத்துல ஓட்ட விழுந்துபோச்சு. இன்னொண்ணு, கரி உருளை மூடிக்குக் கீழ இருக்க வளையம். அப்பளம் மாதிரி நொறுங்குது, பாரு. ரெண்டுக்கும் கல்நார் அட்ட வேணும். எங்கிட்ட இருக்கது ஒரே ஒரு அட்ட. மூடிக்கு வளையம் வெட்டினா நடுவுல மிஞ்சுறது ஹெட்டுக்குப் பத்தாது. ஹெட்டுக்கு வெட்டினா மூடிக்கு மிஞ்சுறது துண்டும் துணுக்கும்."

"அதான் ஹெட்டுக்கு வெட்டுங்கன்னு சொல்றேன்" என்றான் சேக் மைதீன். "அக்கா, நீயே கேளு. போன மாசம் இதே கேஸ்கட்டப் பழுக்கக் காய்ச்சித் தண்ணில போட்டுத் திரும்ப மாட்டிவிட்டாரு. என்னாச்சு? செக்கானூரணில பொங்கி நின்னுச்சு. என் மாமியா உள்ள உக்காந்திருக்கு. 'ஏம் மாப்ள, வண்டிதான் கரியத் திங்குதுன்னு பாத்தா குடம் குடமாத் தண்ணியும் குடிக்கிதே, இதுக்கு ரெண்டு மாடு வாங்கிக் கட்டலாமே'ன்னு கேக்குது. வண்டி மொத்தமும் சிரிக்கிது."

சைனபும் சிரித்துவிட்டாள். சுல்தான் பீவி அப்படிக் கேட்கக்கூடியவள்தான்.

"சிரிங்க" என்றார் நைனா முகமது. "மாப்ள, பொங்குனா வண்டிதான் நிக்கும். ஆளுக்கு ஒண்ணும் ஆகாது. மூடி வழியா வர்ற வாயு அப்படியில்ல. அதுக்கு மணம் கெடையாது. மொதல்ல தலைய வலிக்கும், அப்புறம் கொமட்டும், அப்புறம் தூக்கம் சொக்கும். நான் ஒரு தடவ உருளைப் பக்கத்துல உக்காந்து வேல பாத்துட்டு ஒரு நாள் பூரா எந்திரிக்கல. உன் அக்கா வெறும் வயித்துல இருந்ததாலன்னு திட்டுனா."

"ஓடுறப்ப வருமா அது?"

"ஓடுறப்ப வராது. இஞ்சின் உள்ள இழுத்துக்கிரும். நிக்கிறப்பதான் வெளிய வரும்."

"ஆங்! நீங்களே சொல்லிட்டீக. ஹெட்டு நல்லா இருந்தா வண்டி நிக்காது. வண்டி நிக்காட்டி வாயு வராது. அப்ப எதுக்கு மொதல்ல வெட்டணும்? மூடிக்குக் களிமண்ண அப்பி விடுங்க. ஊர்ல எல்லாக் கரி வண்டியும் களிமண்ணுலதான் ஓடுது."

"களிமண்ணு காஞ்சா வெடிக்கும். நம்ம ரோட்டுல குலுங்குற குலுக்கலுக்கு உதுந்துரும்."

"உதுந்தா மறுபடி அப்புறேன். அக்கா, சொல்லு. வியாழக்கிழமை மாமியா வீட்டுல இருந்து ஷரீபாவையும் புள்ளையையும் கூட்டிட்டு வரணும். நாப்பது குளிச்சாச்சு. பச்ச ஒடம்புக்காரிய நடுரோட்டுல எறக்கிவிட்டு, பானட்டத் தொறந்து வச்சிக்கிட்டு நான் ஊர் ஊராத் தண்ணிக்கு அலையவா? வேற வழியில்லாட்டிச் சொல்லுங்க, அட்ட கெடைக்கிற வரைக்கும் அவ அங்கயே இருக்கட்டும். ரெண்டு மாசம் ஆகட்டும்."

சைனபுக்கு அந்தக் கடைசி வார்த்தைதான் உறைத்தது. அவள் வயிற்றில் ஒன்றும் தங்கவில்லை. பத்து வருஷத்துக்கு அப்புறம் அந்த வீட்டுக்கு ஒரு குழந்தை வரப்போகிறது. மரியம் என்று பெயர் வைத்த ஏழாம் நாள் உசிலம்பட்டிக்குப் போய் ஒரு தடவை மடியில் வைத்திருந்துவிட்டு வந்தாள். கொல்லைப்பக்க அறையில் தூளிக்குக் கயிறுகூடக் கட்டியாகிவிட்டது.

"அவன் சொல்றதுலயும் ஞாயம் இருக்குல்ல?" என்றாள். "அவன் கேக்குறதச் செஞ்சு குடுங்க. அடுத்த அட்ட வந்ததும் மூடிக்கு வெட்டிக்கலாம்."

நைனா முகமது கத்தரியைக் கையில் எடுத்தார், கீழே வைத்தார், மறுபடி எடுத்தார்.

"அக்காளும் தம்பியும் ஒண்ணு சேந்துட்டா நான் எந்தக் கோர்ட்டுக்குப் போறது" என்று சொல்லிக்கொண்டே பழைய ஹெட் கேஸ்கட்டை அட்டையின் மேல் வைத்துப் பென்சிலால் கோடு இழுத்தார்.

மூடிக்குச் சிவப்புக் களிமண்ணைச் சலித்து, நார் கலந்து, பிசைந்து, தன் கையாலேயே அப்பினார். "எங்கயாச்சும் நிறுத்தினா நெருப்ப அணைச்சிரு" என்று சேக் மைதீனிடம் சொன்னார். அவன் "சரி மச்சான், சரி மச்சான்" என்றான். புது கேஸ்கட் போட்ட இஞ்சினின் சத்தம் அவனுக்கு அவ்வளவு பிடித்திருந்தது.

வியாழக்கிழமை உசிலம்பட்டியில் ஷரீபா வண்டியேறும்போதே மழை தூறியது. ஐப்பசி மாதம்.

"முன்னாடி உங்க பக்கத்துல உக்காரவா?" என்று கேட்டாள் ஷரீபா. பத்தொன்பது வயது. காதில் பஞ்சு, தலையைச் சுற்றிக் கம்பளித் துணி, நெஞ்சோடு சேர்த்துக் குழந்தை.

"முன்னாடி சாரலடிக்கும். பின் சீட்டுதான் உனக்கு. உருளைச் சூடு இருக்கும், கதகதன்னு வரலாம். பால்பாண்டி, பின் சீட்டுல யாரையும் ஏத்தாத."

"ராசாத்திக்கு ராஜ சீட்டுண்ணே" என்றான் கண்டக்டர் பால்பாண்டி.

சுல்தான் பீவி மகளின் முக்காட்டை இழுத்துவிட்டாள். "ஆமா, அதுதான் சரி. காத்துப் படாம இரு. ஜன்னி கண்டுரும். நான் நாளைக்கழிச்சு வாரேன். மாப்ள, வண்டி இன்னைக்காச்சும் தண்ணி கேக்காம போகுமா?"

"ஒரு சொட்டுக் கேக்காது மாமி. பாத்துக்கிட்டே இருங்க."

சொன்னது போலவே வண்டி ஓடியது. ஒரு மேட்டில்கூட மூச்சு வாங்கவில்லை. செல்லம்பட்டி தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. கருமாத்தூருக்கு இந்தப் பக்கம் ரோட்டின் குறுக்கே ஓடை செம்மண் நிறத்தில் இடுப்பளவு ஓடிக்கொண்டிருந்தது. வண்டியை நிறுத்தும்படி ஆயிற்று.

"அடுப்ப அணைச்சிரவாண்ணே?" என்று கேட்டான் பால்பாண்டி.

"அணைச்சா இந்த ஈரத்துல மறுபடி மூட்டி ஏத்த ஒரு மணி நேரம் ஆகும். தண்ணி வடிஞ்ச ஒடனே போயிரணும். கெடக்கட்டும். அப்பப்ப ரெண்டு சுத்துச் சுத்தி விடு."

கரி நனையக்கூடாது என்று கூரையிலிருந்து உருளை வரைக்கும் தார்ப்பாயை இழுத்துக் கட்டினார்கள். பக்கத்துத் திரைகளையும் இறக்கினார்கள். இருந்த பயணிகள் ஐந்தாறு பேரும் ஓடைக்கரைக் குடிசையில் காப்பி கிடைக்கிறதென்று ஓடினார்கள். சேக் மைதீன் பின்பக்கம் வந்து திரையின் ஓரத்தைச் சீட்டுக்கு அடியில் இண்டு விடாமல் சொருகினான்.

"காத்து வரலையே?"

"வரல. இதமா இருக்கு. கொஞ்சம் தல வலிக்கிற மாதிரி இருக்கு."

"மழ ஈரம். புள்ள என்ன பண்றா?"

"குடிச்சிட்டுத் தூங்குறா."

"நீயும் கண்ணயரு. தண்ணி வடிஞ்சதும் கெளம்பிரலாம்."

ஓடை வடிய வெகுநேரம் ஆயிற்று. குச்சி நட்டுத் தண்ணீரின் மட்டம் பார்த்துக்கொண்டு ஆண்கள் மழையில் நின்றார்கள். பால்பாண்டி இரண்டு மூன்று தடவை போய்க் காற்றாடியைச் சுற்றிவிட்டு வந்தான். மழை விட்டு, தண்ணீர் முழங்காலுக்கு வந்தபிறகு சேக் மைதீன் போய்த் திரையை உருவினான்.

"ஷரீபா, எந்திரி. கெளம்பப் போறோம்."

அவள் எழுந்திருக்கவில்லை. தோளைப் பிடித்து உலுக்கினான். கண்ணைத் திறந்து, யாரோ என்று அவனைப் பார்த்தாள். அப்படியே குனிந்து வாந்தி எடுத்தாள். குழந்தை அவள் கைக்கடியில் கிடந்தது. கன்னம் ரோஜாப்பூப் போலச் சிவந்திருந்தது. தூங்குகிறதென்றே அவன் நினைத்தான். கையில் எடுத்தபோது தலை பின்னால் சாய்ந்தது.

*

"அசந்து புரண்டிருப்பா. சின்னப் பொண்ணுதான, என்ன தெரியும்."

"மொதப் புள்ள. கைக்கடியில போட்டுத் தூங்குனா மூச்சு முட்டாம என்ன செய்யும்?"

"எத்தனையோ வீட்ல கேட்டிருக்கோம், இப்படி."

குழந்தையைக் குளிப்பாட்டிக் கபன் துணி சுற்றி ஆண்கள் கபர்ஸ்தானுக்குத் தூக்கிக்கொண்டு போனபிறகு, வந்த பெண்கள் முற்றத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொண்டிருந்தார்கள். ரகசியமாகத்தான் சொன்னார்கள். ஆனால் சின்ன வீடு. அறைக்குள் சுவரில் தலையை முட்டுக்கொடுத்து உட்கார்ந்திருந்த ஷரீபாவுக்கு ஒரு வார்த்தை விடாமல் கேட்டது.

அடக்கம் முடிந்து திரும்பிய சேக் மைதீன் நேரே அவள் முன்னால் வந்து நின்றான். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"தூங்கிட்டியேடி" என்றான்.

"தூங்கிட்டேன்" என்றாள் ஷரீபா.

நைனா முகமது அறை வாசலில் நின்றிருந்தார். சைனபைப் பார்த்து, "இவளுக்கு இன்னும் தலவலி இருக்கா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"ரெண்டாப் பொளக்குதுன்னா. வந்ததுல இருந்து மூணு தடவ வாந்தி. துக்கம் தாங்காமத்தான்."

அவர் பட்டறைக்குப் போனார். பஸ் வாசலில் நின்றது. ஏணியைச் சாத்தி ஏறி உருளை மூடியைப் பார்த்தார். இறங்கி வந்து சாக்குத் திரைக்கு அந்தப் பக்கம் நின்று, "சைனப், இங்க வா" என்றார்.

அவர் கையில் உள்ளங்கை அகலத்துக்குக் காய்ந்த மண்ணாங்கட்டி ஒன்று இருந்தது.

"இத என்னன்னு சொல்லு."

"மண்ணு."

"என்ன மண்ணு? நான் அப்புனது செவப்புக் களி, நாரு கலந்து சலிச்ச மண்ணு. இது கறுப்பா இருக்கு பாரு. புல்லும் வேருமா இருக்கு. இது ஓடை வண்டல். நான் அப்புனது வெடிச்சு உதுந்திருக்கு. அங்கன வச்சு யாரோ ஓடைச் சேத்த அள்ளி மேல அப்பியிருக்காங்க. அப்படி அப்புனாத்தான் காத்து உள்ள போகாம வண்டி நகரும்."

"பால்பாண்டியா இருக்கும்."

"பால்பாண்டிட்ட கேட்டுட்டுத்தான் உன்னையக் கூப்பிடுறேன். வண்டி நின்னப்ப அடுப்ப அணைக்கவே இல்லையாம். புள்ளைய எடுத்துப் பாத்த அப்புறம் உன் தம்பி கொஞ்ச நேரம் அப்படியே நின்னானாம். பெறகு மேல ஏறி மூடியப் பாத்தானாம். எறங்கி வந்து சேறு அள்ளிட்டுப் போனானாம். ஒரு வார்த்த பேசலையாம்."

சைனப் அந்த மண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகுதான் அவளுக்கு விளங்கியது.

"அப்ப... ஷரீபா புரளல?"

"அவ எங்க புரள்றது? அவளும் பாதி செத்துத்தான் கெடந்திருக்கா. இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தா ரெண்டு மையத்து வந்திருக்கும். அத அவகிட்டச் சொல்லணும்."

"வேணாம்."

"என்ன வேணாம்?"

"இப்ப வேணாம்ங்க. சொன்னா, ஹெட்டுக்கு வெட்டச் சொன்னது யாருன்னு வரும். அடுப்ப அணைக்காம விட்டது யாருன்னு வரும். அவன் மகளக் குழிக்குள்ள வச்சிட்டு இப்பத்தான் வந்து உக்காந்திருக்கான். அவன் தலையில இதையும் ஏத்தினா அவன் என்ன ஆவான்? சொல்லுங்க."

"அவ என்ன ஆவா?"

"அவ பொம்பள. அழுது ஆத்திக்கிருவா. அல்லா இன்னொரு புள்ளையக் குடுப்பான்."

நைனா முகமது அவளை ஏறிட்டுப் பார்த்தார். "வெட்டுனது நானு" என்றார். "கத்தரி என் கையிலதான் இருந்துச்சு. மாட்டேன்னு சொல்லியிருக்கலாம். நான் தப்பிச்சுக்கிறதுக்குச் சொல்லல, சைனப்."

"தெரியும். அதான் சொல்றேன், வாயத் தொறக்காதீக."

*

ஷரீபா அழுது ஆற்றிக்கொள்ளவில்லை. அவள் அழவே இல்லை. படுப்பதையும் விட்டுவிட்டாள்.

முதலில் யாரும் கவனிக்கவில்லை. காலையில் பார்த்தால் உட்கார்ந்திருப்பாள், மத்தியானம் பார்த்தால் உட்கார்ந்திருப்பாள். கண் சொருகினால் தொடையில் கிள்ளிக்கொள்வாள். சைனப் ஒரு நாள் அவள் குளிக்கும்போது தண்ணீர் ஊற்றப் போனாள். இரண்டு தொடையிலும் புளியங்காய் அளவில் கன்றிப்போன தழும்புகள்.

"என்னடி இது?"

"ஒண்ணுமில்ல மதினி."

"பாய விரிச்சுப் போட்டிருக்கேன். கொஞ்சம் படுத்தா என்ன?"

"படுத்தாத் தூங்கிருவேன் மதினி."

"தூங்குறதுக்குத்தான் படுக்கச் சொல்றேன்."

"வேணாம்."

பால் கட்டி மார்பு கல்லாக இறுகிக் காய்ச்சல் வந்தது. பால் வற்ற மல்லிகைப்பூ வைத்துக் கட்டினார்கள். சேக் மைதீன் அறைப்பக்கம் வருவதில்லை. பஸ்ஸிலேயே இருந்தான், பஸ்ஸிலேயே சாப்பிட்டான். நைனா முகமது எங்கோ அலைந்து இன்னொரு கல்நார் அட்டை வாங்கி வந்து மூடிக்கு வளையம் வெட்டினார். அவர் வெட்டும்போது சேக் மைதீன் பக்கத்தில் நின்று அட்டையைப் பிடித்துக்கொண்டான். இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. சைனப் திரை இடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். எப்போதும் காது கிழியும்படி சண்டை போடும் இரண்டு பேரும் அப்படி நின்றது அவளுக்குப் பயமாக இருந்தது.

அடுத்த வீட்டு முருகம்மாள் ஒரு நாள் தன் பேரனை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். நல்ல மனசுக்காரி. ஷரீபாவின் முகத்தைப் பார்த்துப் பொறுக்காமல், "இந்தா தாயி, கொஞ்ச நேரம் மடியில வச்சுக்க. மனசு ஆறும்" என்று குழந்தையை நீட்டினாள்.

ஷரீபா சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டாள்.

"என் கையில குடுக்காதீக! எடுத்துட்டுப் போங்க! நான் கொன்னுருவேன்!"

குழந்தை வீறிட்டு அழுதது. முருகம்மாள் பதறிப்போய் வெளியேறினாள். சைனப் நின்ற இடத்திலேயே நின்றாள். தம்பிக்குச் சோறு போட எடுத்த தட்டு அவள் கையில் இருந்தது.

அன்று மத்தியானமே சுல்தான் பீவி உசிலம்பட்டியிலிருந்து மாட்டு வண்டி பிடித்துக்கொண்டு வந்து இறங்கினாள். பஸ்ஸில் ஏற மாட்டேன் என்று சொல்லிவிட்டாளாம். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"என் மகளக் கூட்டிட்டுப் போறேன் சைனபு. மாப்ள அவ மொகத்துல முழிக்கிறதில்லையாமே. ஊர்ல என்ன பேசுறாகன்னு எனக்கும் தெரியும். புள்ளைய அமுக்கிட்டாளாம். நான் ஆறு பெத்தேன், நாலு வளத்தேன். கூடப் படுத்துத்தான் வளத்தேன். என் மக புரண்டு படுக்கிறவ இல்ல. ஆனா அவளே ஆமா ஆமான்னு தலையாட்டுறா, நான் யார்ட்ட போய்ச் சண்ட போட?"

"மாமி, கொஞ்சம் உக்காருங்க."

"உக்காந்து? ஷரீபா, எந்திரி. சீலையெல்லாம் எடுத்து வையி."

ஷரீபா எழுந்தாள். தகரப் பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். குழந்தையின் சட்டை ஒன்று வந்தது. சைனப் தைத்த சட்டை. அதை மடித்துப் பெட்டியில் வைக்காமல் பாயின் மேலேயே வைத்தாள்.

"மதினி, அவுக வேற கல்யாணம் பண்ணட்டும்" என்றாள். "நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். புள்ளைய வச்சுப் பாத்துக்கத் தெரிஞ்ச பொண்ணாப் பாருங்க."

சைனபின் கால்கள் அவளைக் கேட்காமலே திரைப் பக்கம் போயின. "டேய் சேக்கு! இங்க வா. என்னங்க, நீங்களும் வாங்க" என்று கூப்பிட்டாள்.

இரண்டு பேரும் கையில் கிரீஸோடு வந்தார்கள். சேக் மைதீன் வாசற்படிக்கு அந்தப் பக்கமே நின்றான்.

"உள்ள வா" என்றாள் சைனப். "நீ சொல்றியா, நான் சொல்லவா?"

"எத?"

"எதுன்னு உனக்குத் தெரியும்."

"அக்கா, வேணாம்."

"நானும் அதைத்தான் சொன்னேன், வேணாம் வேணாம்னு. அவ தொடையப் போய்ப் பாரு. கிள்ளிக் கிள்ளிக் கருத்துக் கெடக்கு. உனக்காக நான் அவளக் கொல்லக் குடுத்துட்டேன்டா." சைனப் ஷரீபாவின் பக்கத்தில் போய் மண்டியிட்டு உட்கார்ந்து அவள் கையைப் பிடித்தாள். "கேளும்மா. நீ புரளல. நீ அமுக்கல. புள்ள உன்னால மௌத்தாகல. உருளை மூடி இடுக்குல வாயு கசிஞ்சிருக்கு. அதுக்கு மணமில்ல. உன்னையும் அதுதான் மயக்கிப் போட்டுச்சு. உனக்குத் தல வலிச்சதும் வாந்தி வந்ததும் அதனாலதான். நீ தூங்குனது தூக்கமே இல்ல."

ஷரீபா அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மூடிக்கு வளையம் மாத்தணும்னு இவரு சொன்னாரு. அட்ட ஒண்ணுதான் இருந்துச்சு. இஞ்சினுக்கே போடுங்கன்னு இவன் சொன்னான். நானும் சொன்னேன். நீயும் புள்ளையும் சீக்கிரம் வரணும்னு சொன்னேன்."

"நானுந்தான்" என்றார் நைனா முகமது. "வெட்டுனது நான்தாம்மா."

சுல்தான் பீவி நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்தாள். "யா அல்லா" என்றாள்.

ஷரீபா மெதுவாகத் தலையைத் திருப்பினாள்.

"உங்களுக்கு இது எப்பத் தெரியும்?"

சேக் மைதீன் நிலையைப் பிடித்துக்கொண்டான். கிரீஸ் கைத்தடம் நிலையில் பதிந்தது.

"சொல்லுடா" என்றாள் சைனப்.

"அங்கனயே" என்றான். "ஓடைக்கரையிலயே. மேல ஏறிப் பாத்தேன். மண்ணு உதுந்து கெடந்துச்சு. சொல்லிரணும்னுதான் வந்தேன், ஷரீபா. கபர்ஸ்தான்ல இருந்து வாற வழியெல்லாம் சொல்லிரணும் சொல்லிரணும்னுதான் வந்தேன். உள்ள வந்தா எல்லாரும் என்னையவே பாக்குறாக. வாயத் தொறந்தேன். வேற வந்துருச்சு."

வெளியே மாட்டு வண்டிக்காரன் மாட்டை அதட்டும் சத்தம் கேட்டது. நேரமாகிறது என்று அவன் குரல் கொடுத்தான்.

ஷரீபா பாயின் மேல் கிடந்த சட்டையை எடுத்தாள். மடித்ததைப் பிரித்துப் பார்த்தாள். மறுபடி மடித்தாள். அவள் கண் இமைகள் வீங்கிச் சிவந்து, மூடவும் மாட்டாமல் திறக்கவும் மாட்டாமல் துடித்தன. எத்தனை நாள் தூக்கமோ அத்தனையும் ஒரே நேரத்தில் வந்து அவள் மேல் ஏறுவது போல உடம்பு ஒரு பக்கமாகச் சரிந்தது. சைனப் தாங்கிப் பிடிக்கப் போனாள். ஷரீபா அவள் கையை விலக்கிவிட்டு, தரையில் உள்ளங்கையை ஊன்றிக்கொண்டு, வாசலில் நின்ற புருஷனை நிமிர்ந்து பார்த்தாள்.

"இப்பயாச்சும் நீங்க உங்க வாயால சொல்லுங்க. நான் தூங்கலாமா?"